கடைவாய்ப் பல்லில் ஈயம்

ஆசுபத்திரியில் எத்தனையோ பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பதிவுத் துண்டு எழுதுகிற பிள்ளை கேட்டது, தாதி கேட்டாள், டொக்டர்மார் மாறி மாறிக் கேட்டார்கள். "அம்மா என்ன வேலை செய்யிறியள்?" நானும் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "வேலை ஒண்டும் இல்லை. வீட்டில சும்மாதான் இருக்கிறன்."

பொய் சொல்லுகிறேன் என்று எனக்கே தெரியாமல் சொன்ன பொய் அது. அதனால் என் வருத்தம் என்ன நோயென்று கண்டுபிடிக்க மூன்று மாதம் பிந்தியது. நான் இப்போது எழும்பி நடக்கிறேன், சமைக்கிறேன், ஆட்களை ஏசுகிறேன். என் கதை முடிந்துவிட்டது. என் மகள் பெற்ற பிள்ளையின் உடம்பில் எவ்வளவு ஈயம் போயிருக்கிறது என்ற கதை முடியவில்லை. அதற்கான இரத்தம் கொழும்புக்குப் போயிருக்கிறது. பதில் வரும்வரை சும்மா இருக்க ஏலாமல்தான் இதை எழுதுகிறேன். எங்கள் கரையில் வலையோடு இருக்கிற பெண்கள் யாராவது வாசித்தால் போதும்.

என் பெயர் றீற்றா. வயது நாற்பத்தேழு. ஒரு தீவில், நாரந்தனைக்குப் பக்கத்தில், வாசலில் நின்றால் கடல் தெரிகிற வீடு. கணவர் மரியதாஸ் கடற்தொழில். எங்களுக்கு டிலக்சி ஒரே பிள்ளை. போன வருடம் கலியாணம் கட்டிக் கொடுத்தோம். மருமகனும் மாமனோடு ஒரே போட்டில்தான் போகிறான். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

வலையின் மேற்கயிற்றில் மிதவை கட்டுவோம், அடிக்கயிற்றில் ஈயம் போடுவோம். ஈயம் இல்லாவிட்டால் வலை தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்காது. கடையில் வாங்கினால் விலை கூட என்று பழைய பற்றரிகளை உடைத்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு காது உடைந்த தாச்சிச் சட்டியில் மரியதாஸ் ஈயம் உருக்குவார். மழைக்காலத்தில் குசினிக்குள்ளேயே உருக்குவார். கண் எரியுதென்று நான் ஏசியிருக்கிறேன். அதற்கு மேல் அந்தப் புகையைப் பற்றி ஒன்றும் நினைத்ததில்லை. உருக்கியதைத் தகடாக ஊற்றி, நகமளவு துண்டுகளாக வெட்டித் தருவார். அந்தத் துண்டைக் கயிற்றின் மேல் மடித்து, கடைவாய்ப் பல்லால் ஒரு கடி கடித்தால் இறுகிவிடும். குறட்டால் நெரித்தால் நைலோன் கயிறு நசுங்கி, பிறகு அந்த இடத்திலேயே அறும். பல்லுக்கு அளவு தெரியும் என்று எங்கள் பெண்கள் சொல்லுவார்கள்.

நான் இதைப் பழகியது ஊரில் அல்ல, இடம்பெயர்ந்து போயிருந்த கரையில், பதினாறு வயதில். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு எங்கள் வலைக்கு மட்டுமல்ல, அயலுக்கும் கடித்துக் கொடுத்தேன். ஒரு சம்மாட்டி, நாலு போட்டுக்குச் சொந்தக்காரர், "றீற்றா கடிச்ச ஈயம் கடல் கேட்டாலும் குடுக்காது" என்று சந்தியில் நின்று சொல்லியிருக்கிறார். எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோசம். ஒரு பல்லும் விழவில்லை, ஒரு பல்லும் சூத்தை இல்லை. சிரிக்கும்போது வாயைப் பொத்தாத பெண் நான்.

ஆனால் அது வேலையா என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். கடலுக்குப் போவது வேலை, கச்சேரியில் உத்தியோகம் பார்ப்பது வேலை. உலையை ஏற்றிவிட்டு, காலை நீட்டி இருந்து, ரீவியில் நாடகம் பார்த்தபடி செய்வது எப்படி வேலையாகும்? கடித்துக் கொடுத்ததற்குக் காசு வாங்கினபோதும் நான் அப்படித்தான் நினைத்தேன்.

டிலக்சிக்கு ஏழு வயதில் புதுக் கடைவாய்ப் பல் முளைத்தது. எங்கள் கரையில் அதற்கொரு வழக்கம் உண்டு. புதுப்பல் வந்த பிள்ளையை மடியில் இருத்தி, முதல் ஈயத்தைக் கடிக்கக் கொடுப்போம். கடித்தது இறுகினால் ஒரு கற்கண்டு. அவள் ஒரே கடியில் இறுக்கிவிட்டாள். கற்கண்டை வாயில் போட்டுவிட்டு, "அம்மா, ஈயமும் கொஞ்சம் இனிக்குது" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இந்த மூன்று மாதத்தில் நான் அதிகமாக நினைத்துக்கொண்டது அந்தச் சிரிப்பைத்தான்.

வருத்தம் தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றோடு தொடங்கியது. முதலில் களைப்பு. கிணற்றடியில் இருந்து குசினிக்கு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர இரண்டு இடத்தில் நின்றேன். பிறகு வயிற்று வலி. வயிற்றுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கும், விடும், திரும்ப முறுக்கும். மலம் நாலைந்து நாளைக்குப் போகாது. வாயில் எந்நேரமும் ஒரு செப்புக்காசை வைத்திருப்பதுபோல ருசி. தீவிலுள்ள ஆசுபத்திரியில் வாயுவுக்கு மருந்து தந்தார்கள், பூச்சிக்குளிசை தந்தார்கள், இரத்தம் குறைவென்று இரும்புக் குளிசை தந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சும்மா வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு வயிற்று வலி வந்தால் வேறு எதைத் தருவது?

களைப்பைவிட எனக்குக் கோபம் தந்தது வேறொன்று. நான் கிழவியாகிக்கொண்டிருந்தேன். தோல் மண்ணின் நிறத்துக்கு வந்தது, கன்னம் ஒட்டியது, தலைமயிர் சீப்போடு வந்தது. பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் பெடியன் சத்தம் போடுவான். "அந்த அம்மாச்சிக்கு ஆராவது எழும்பி இடம் குடுங்கோ!" முதல்தரம் யாரைச் சொல்லுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பை என் வலது கையில் இருந்து விழுந்தது. அடுத்தநாளும் விழுந்தது. மணிக்கட்டைத் தூக்கப் பார்த்தால் கை மடிந்து தொங்கியது. அதைப் பார்த்த மரியதாஸ் கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டினார்.

"வெளிக்கிடும். பட்டினத்துப் பெரியாசுபத்திரிக்குப் போவம்."

"இஞ்சருங்கோ, வலை பாதியில கிடக்குது. அடுத்த கிழமை குடுக்கிறதெண்டு சொன்னனான்."

"வலை ஓடாது. வெளிக்கிடும்."

அந்த வலை நாலு போட்டுச் சம்மாட்டியின் வலை. அதை நினைவில் வைத்திருங்கள்.

பஸ்ஸில் சரவணை, வேலணை தாண்டி, பண்ணைப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் மினுங்கியது. டிலக்சி ஆறு மாத வயிற்றோடு எனக்குப் பக்கத்தில் இருந்தாள். குழி விழுந்த இடங்களில் பஸ் துள்ளும்போது ஒரு கை தன் வயிற்றைப் பிடித்தது, மற்றக் கை என் தொங்கிய கையைப் பிடித்தது. என்னை விடுதியில் சேர்த்தார்கள். துண்டு எழுதிய தாதி அவளைக் காட்டி, "பேத்தியோ?" என்று கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னைத் துரத்தியிருப்பார்கள்.

ஆசுபத்திரி நாட்கள் எல்லாம் காத்திருக்கிற நாட்கள். வாயால் கமரா விடுவதற்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் இல்லாமல் ஒரு வாங்குப் பலகையில் இருந்தேன். அதில் ஒன்றும் இல்லை. வயிற்றை ஸ்கான் பண்ண இன்னொரு வாங்கு. அதிலும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்ற சொல் முதலில் நிம்மதியாக இருந்தது, நாலாவது தரம் கேட்டபோது பயம் வந்தது. வலி இருக்கிறதே, கை தொங்குகிறதே, பிறகு எப்படி ஒன்றும் இல்லாமல் போகும்? புற்றுநோயைத்தான் எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மரியதாசின் முகத்தை நாள் முழுக்க உற்றுப் பார்ப்பேன். அவர் அதைத் தாங்க ஏலாமல் வெளியே போய் விறாந்தைத் தூணோடு நிற்பார்.

பக்கத்துக் கட்டிலில் நயினாதீவைச் சேர்ந்த தங்கமலர் அக்கா. அவவுக்குச் சிறுநீரக வருத்தம். நான் சேர்ந்த முதல்நாள் என் தலையணைக்கடியில் செபமாலையைக் கண்டுவிட்டு, "நான் அம்மாளிட்டக் கேக்கிறன், நீர் மாதாவிட்டக் கேளும். ரெண்டு பேரில ஒராள் கேக்காமலோ போகப்போறா" என்றா. என் கை ஏலாதென்று சோறு குழைத்துத் தந்தவ அவதான். அவவின் பிள்ளைகள் வெளிநாட்டில். போனில் கதைக்கும்போது தனக்கு நல்ல சுகம் என்று பொய் சொல்லுவா. போனை வைத்துவிட்டு, "பொய்யில்லாமல் ஒரு குடும்பம் நடக்குமே, றீற்றா?" என்று கேட்பா.

டிலக்சி நாள்தவறாமல் வந்தாள். விடிய எழும்பிப் புட்டவித்து, மீன் குழம்பு வைத்து, முதல் பஸ்ஸில் ஏறிவிடுவாள். வராதே என்று நான் கத்தினாலும் கேட்க மாட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வயிற்றுப் பிள்ளைத்தாச்சிக்கு நித்திரை வராதுதானே என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் என் கட்டிலின் ஒரு கரையில் சரிந்து கொஞ்ச நேரம் கண்ணயர்வாள். அவள் நித்திரையில் இருக்கும்போது என் கையை எடுத்து அவள் வயிற்றில் வைப்பேன். உள்ளே இருந்தது ஒரு உதை விடும். அது ஒன்றுதான் அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த மருந்து.

எட்டாம் நாள் ஒரு புது டொக்டர் பிள்ளை வந்தது. சின்ன உருவம், பெரிய கண்ணாடி. மற்றவர்கள் வயிற்றை அமத்திப் பார்ப்பார்கள். இந்தப் பிள்ளை என் வாயைத் திறக்கச் சொன்னது. ரோச் அடித்து, பல்லும் ஈறும் சேருகிற முரசுக் கரையை வெகுநேரம் பார்த்தது.

"அம்மா, இந்த முரசில நீலமாய் ஒரு கோடு இருக்கு. எவ்வளவு காலமாய்?"

"அது எனக்குக் குமர் வயசில இருந்து இருக்கு. எங்கட கரையில கனபேருக்கு இருக்கு."

இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்ததாகவும், செங்குழியங்களுக்குள் நீலப் புள்ளிகள் தெரிவதாகவும் அந்தப் பிள்ளை சொன்னது. பிறகு கேள்வி தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் எப்படி, நாட்டு மருந்து குடிக்கிறீர்களா, வீட்டுக்கு என்ன பெயின்ற், நெற்றிக்கு என்ன பொட்டு, குப்பை எங்கே எரிக்கிறீர்கள், எந்தப் பானையில் சமைக்கிறீர்கள். எனக்கு எரிச்சல் வந்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள். கடைசியில் அதே கேள்வி வந்தது.

"என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"வேலை ஒண்டும் இல்லை, பிள்ளை."

"அவர்?"

"கடலுக்குப் போறவர்."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. "அவற்ற வலைக்கு ஈயம் போடுறது ஆர்?"

"நான்தான். வேறை ஆர்?"

"எப்பிடிப் போடுறனீங்கள்?"

ஆசுபத்திரியில் முதன்முறையாக எனக்குத் தெரிந்த ஒரு விசயத்தை ஒருவர் கேட்கிறார். நான் நிமிர்ந்து இருந்தேன். குளிசை அட்டையின் வெள்ளித் தாளில் ஒரு துண்டு கிழித்து, சீலைத் தலைப்பு நூலில் மடித்து வைத்து, கடைவாயில் கொடுத்துக் கடித்துக் காட்டினேன். "இப்பிடி. ஒரு கடிதான். ரெண்டாந்தரம் கடிச்சால் அது பழக்கமில்லாத ஆள்."

தங்கமலர் அக்கா கைதட்டினா. டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை.

"எத்தினை வருசமாய்?"

"பதினாறு வயசில இருந்து."

அந்தப் பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டு இருந்தது. டொக்டர்மார் இருந்து கதைத்தால் நல்ல செய்தி இல்லை என்று விடுதியில் எல்லோருக்கும் தெரியும்.

ஈயம் எவ்வளவு என்று அளக்க இரத்தம் கொழும்புக்குப் போனது. காசு கட்ட வேண்டிய பரிசோதனை. மரியதாஸ் எங்கேயோ கைமாற்று மாறிக்கொண்டு வந்து கட்டினார், எங்கே என்று நான் கேட்கவில்லை. ஒன்பது நாள் கழித்து பதில் வந்தபோது பெரிய டொக்டரும் சின்ன டொக்டரும் சேர்ந்து வந்தார்கள். சின்ன டொக்டர்தான் எனக்கு விளங்கச் சொன்னது. அந்தப் பிள்ளை சொன்னதை என்னால் முடிந்த மாதிரி எழுதுகிறேன்.

உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கலங்களால் ஆனது. பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கும் நினைவிருந்தது. அந்தக் கலங்களுக்குக் கல்சியம் தேவை. ஈயம் கல்சியம் மாதிரி வேசம் போட்டு வரும். கலத்துக்கு ஆளை அடையாளம் தெரியாது, கதவைத் திறந்துவிடும். உள்ளே போனது ஒரு வேலையும் செய்யாமல், மற்றவர்களையும் செய்ய விடாமல் குழப்பும். செங்குழியம் ஒன்று நாலு மாதம் வாழ வேண்டும். ஈயம் புகுந்தால் காலம் முடிய முதலே சாகும். நரம்பு சோரும், அதுதான் கை தொங்கியது. கலங்கள் தங்களைத் தாங்களே திருத்துகிற வேலையும் பிந்திப் பிந்தி நடக்கும். அதைத்தான் முதுமை என்கிறோம்.

"உங்களுக்கு நாப்பத்தேழு, அம்மா. உங்கட சிறுநீரகத்தைக் கேட்டால் எழுபது எண்டு சொல்லும்."

"அப்ப அந்தக் கொண்டக்டர் பெடியன் பிழையாய்ச் சொல்லேல்லை" என்றேன். ஒருவருக்கும் விளங்கவில்லை.

மருந்து இருக்கிறது என்றார்கள். நாளத்தால் ஏற்றுவார்கள். அது இரத்தத்தில் இருக்கிற ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு கொண்டுபோகும். ஆனால் இரத்தத்தில் இருப்பது கொஞ்சம்தான். வருடக்கணக்காகச் சேர்ந்தது எலும்புக்குள் போய்க் குடியிருக்கிறது. எலும்பு அதைப் பத்து, இருபது வருடம் வைத்திருக்கும். உடம்புக்குக் கல்சியம் தட்டுப்பட்டால் எலும்பைக் கரைத்து எடுக்கும், அப்போது ஈயமும் சேர்ந்து வெளியே வரும்.

"எப்ப தட்டுப்படும்?" என்று கேட்டேன்.

"வயசு போகேக்க. கனகாலம் படுக்கையில கிடந்தால்." அந்தப் பிள்ளை விரலை மடித்து எண்ணிக்கொண்டு போனது. "மற்றது, பிள்ளை வயித்தில இருக்கேக்க. பிள்ளைக்கு எலும்பு வளர வேணுமெல்லோ, அது தாயின்ர எலும்பில இருந்துதான் எடுக்கும்."

நான் விறாந்தையைப் பார்த்தேன். டிலக்சி சாப்பாட்டுப் பையோடு வந்துகொண்டிருந்தாள். அந்த நிமிசத்தில் எனக்கு என் உடம்பு மறந்துபோனது. வலியும் இல்லை, கையும் இல்லை.

"பதினாறு வருசம் கடிச்ச பிள்ளை, டொக்டர்" என்றேன். "என்ர பிள்ளை. அந்தா வாறா."

டிலக்சி சிரித்துக்கொண்டு வந்து பையை மேசையில் வைத்தாள். வாழையிலையைப் பிரித்தாள். அப்போதுதான் அவள் விரல்கள் என் கண்ணில் பட்டன. வலது கைப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் நகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் எனக்குத் தெரியும். சவுக்காரத்துக்குப் போகாது. நாலு நாள் ஈயம் தொடாமல் இருந்தால்தான் மங்கும். கலியாணத்துக்குப் பிறகு அவள் ஈயம் தொடுவதில்லை, நான்தான் முழுக்கச் செய்தேன்.

"கையைக் காட்டு."

அவள் கையைப் பின்னால் மறைத்தாள், ஏழு வயதுப் பிள்ளை மாதிரி.

"என்ன செய்தனீ, டிலக்சி?"

"நீங்கள் யோசிப்பியள் எண்டுதான் சொல்லேல்லை. சம்மாட்டியின்ர வலை பாதியில கிடந்தது. அவர் ரெண்டு தரம் வந்து போயிட்டார். றீற்றா சொன்ன சொல் தவறினவ எண்டு ஊரில கதை வரும். அதுதான் பின்னேரம் பின்னேரமாய் இருந்து கடிச்சு முடிச்சுப்போட்டன். நேத்துத்தான் குடுத்தது."

"முழுக்கவோ?"

"ஓம் அம்மா." முகத்தில் எவ்வளவு சந்தோசம். "உங்கட கடி மாதிரியே இருக்கெண்டு அவர் சொன்னவர்."

நான் படுத்துக் கிடந்து கமராவுக்கும் ஸ்கானுக்கும் காத்திருந்த நாட்களில், கொழும்புப் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில், என் சொல்லைக் காப்பாற்ற என் பிள்ளை கடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையால்தான் புட்டுக் குழைத்தாள். நான் சாப்பிட்டேன், அவளும் சாப்பிட்டாள், உள்ளே இருந்ததும் சாப்பிட்டது. சின்ன டொக்டர் நீலக்கோட்டைப் பார்த்த அன்றைக்கே ஈயம் தொடுகிறாளா என்று அவளைக் கேட்கவும், தொடாதே என்று சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. இரத்தத்தின் பதில் வரட்டும் என்று இருந்துவிட்டேன். நான் அவளை ஏசினேன். விடுதி முழுக்கத் திரும்பிப் பார்க்க ஏசினேன். பிறகு அவளைக் கட்டிப் பிடித்து அழுதேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தங்கமலர் அக்கா இழுத்து இழுத்து நடந்து வந்து, வாழையிலையைத் திரும்ப மடித்துப் பையில் வைத்தா.

அன்றைக்கே டிலக்சியின் இரத்தத்தையும் எடுத்தார்கள்.

எனக்கு ஐந்து நாள் மருந்து ஏறியது. ஒரு பெரிய பிளாஸ்ரிக் கானைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, இருபத்துநாலு மணித்தியாலச் சிறுநீரையும் அதில் சேர்க்கச் சொன்னார்கள். வலி மூன்றாம் நாளே குறைந்தது. கானைப் பார்க்கும்போதெல்லாம், முப்பது வருடப் பெருமை ஒவ்வொரு நாளும் மூத்திரமாய்ப் போகிறதென்று நினைப்பேன். மரியதாஸ் அந்தக் கானைத் தூக்கிக்கொண்டு போவார், கழுவிக்கொண்டு வருவார். ஒருநாள் என் காலடியில் இருந்துகொண்டு, "உருக்கினது நான்" என்றார். அவ்வளவுதான். நான் என்ன சொல்ல, இல்லையென்றா?

டிலக்சியின் இரத்தத்துக்கும் பதில் வந்தது. என் அளவு இல்லை. ஆனால் இருக்கக்கூடாத அளவு.

"அவவுக்கும் இந்த மருந்தை ஏத்துங்கோ" என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஏலாது, அம்மா. இந்த அளவுக்கு அந்த மருந்து ஏத்துறேல்லை, பிள்ளை வயித்தில இருக்கேக்க அதை ஏத்துறதும் பயம். கல்சியம் குளிசையும் இரும்பும் விடாமல் குடுப்பம். கல்சியம் நிறையக் கிடைச்சால் எலும்பு தன்ர கையிருப்பை எடுக்காது. ஈயத்தின்ர பக்கமே போகக் கூடாது, வீட்டையும் கழுவ வேணும்."

"எவ்வளவு வரைக்கும் பிள்ளைக்குப் பரவாயில்லை?"

சின்ன டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. "பரவாயில்லை எண்டு ஒரு அளவு இல்லை, அம்மா. மூளை வளர்ற நேரம். பிள்ளை பிறந்த பிறகுதான் பாக்கலாம். வளர வளரத்தான் தெரியும். நடக்கேக்க, கதைக்கேக்க, படிக்கேக்க."

அந்தச் சொல் இன்னும் என் காதில் நிற்கிறது. வளர வளரத்தான் தெரியும்.

நான் வீடு திரும்பியபோது தாச்சியை மரியதாஸ் ஏற்கெனவே அப்புறப்படுத்தியிருந்தார். மருமகன் குசினிச் சுவரைத் தேய்த்து வெள்ளையடித்திருந்தான். டிலக்சியை அந்த நாட்களில் தன் தாய் வீட்டுக்கு அனுப்பியிருந்தான். நல்ல பெடியன், வாயில்லாத பெடியன். நிலத்தை ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும், கூட்டினால் தூசி எழும்பும் என்று ஆசுபத்திரியில் சொல்லியிருந்தார்கள். எழும்பி நிற்கத் தொடங்கியதும் நானும் துடைத்தேன். ஒவ்வொரு நாளும் துணியில் சாம்பல் நிறம் வந்தது. எத்தனை வருடம் அந்த நிலத்தில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறோம். அதே நிலத்தில்தான் டிலக்சி தவழ்ந்தாள்.

அயல் பெண்களிடம் போய்ச் சொன்னேன். வீடு வீடாய்ப் போனேன். இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள், இரக்கப்பட்டார்கள். ஆனால் பேசும்போதே ஒருத்தியின் வாய்க்குள் ஒரு துண்டு ஈயம் இருந்தது. "எங்களுக்கு ஒண்டும் வரேல்லையே அக்கா" என்றாள், அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. அவள் சிரித்தபோது முரசில் நீலக்கோடு தெரிந்தது. அவளுக்கு முப்பது வயது. மடியில் கைப்பிள்ளை.

சம்மாட்டியிடமும் போனேன். உள்ளுக்குள்ளேயே ஈயம் வைத்து வருகிற கயிறு கடையில் விற்கிறார்கள், அதை வாங்குங்கள் என்றேன். யோசிப்பதாகச் சொன்னார். என் கடி போல வராதாம்.

இரண்டு கிழமைக்கு முதல் டிலக்சிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நிறை குறைவு. ஆனால் குரல் நல்ல குரல். பிறந்தவுடனேயே தொப்புள்கொடியில் இருந்து இரத்தம் எடுத்து, ஒரு சின்னப் போத்தலில் பெயர் எழுதி ஒட்டினார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. போத்தலில் டிலக்சியின் பிள்ளை என்றுதான் எழுதியிருந்தது. வேறொரு விடுதி, வேறொரு தாதி. மேசையில் போத்தலை வைத்துக்கொண்டு, கொழும்புக்கு அனுப்புகிற படிவத்தை நிரப்பினாள். டிலக்சி கட்டிலில் கிடந்தாள். பிள்ளை என் மடியில், வாயைத் திறந்து திறந்து மூடியது. பல்லில்லாத ரோசா முரசு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாயின்ர வயசு?"

"இருபத்திநாலு."

"தாயின்ர தொழில்?"

டிலக்சி கண்ணை மூடிக்கொண்டு, களைப்போடு, யோசிக்காமல் சொன்னாள். "வேலை ஒண்டும் இல்லை, மிஸ். வீட்டில சும்மாதான்."

தாதி அந்தக் கட்டத்தில் ஒரு கோடு கீறப் போனாள்.

"கொஞ்சம் பொறும், பிள்ளை" என்றேன். "அப்பிடி எழுதாதையும். ஈயம் கடிக்கிறது எண்டு எழுதும். ஏழு வயசில இருந்து."

தாதி நிமிர்ந்து பார்த்தாள். "ஏழு வயசிலயோ? ஆர் அம்மா பழக்கினது?"

மடியில் இருந்தது என் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தது. நான் விரலை இழுத்துக்கொண்டேன்.

"நான்தான்" என்றேன்.